போறவர் உள்ளே உட்கார்ந்த நாள்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவை ஒருக்களித்து வையுங்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளே வந்து கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காலை நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் தூங்கலாம், நான் கோபிக்க மாட்டேன். குறட்டை மட்டும் கூடாது. ஏனென்றால் இது வாயை மூடி உட்கார்ந்திருக்கிறவர்களின் கதை. ஒரு கழுகு, ஒரு மரப்பெட்டி, ஒரு புருஷன் பெண்டாட்டி. இதில் என்ன பெரிய கதை இருந்துவிடப் போகிறது என்கிறீர்களா? இருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு மலைச்சரிவில் பறவை காட்டிப் பிழைக்கிற குடும்பம் ஒன்று இருந்தது. குடும்பம் என்றால் அவளும் அவள் வீட்டுக்காரரும்தான். பிள்ளை குட்டி இல்லை. அவளுடைய தம்பி வண்டி ஓட்டுவான். கீழே ஊரிலிருந்து விருந்தாளிகளை ஏற்றி வந்து இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஏற்றிப் போவான். அவளை எல்லோரும் கழுகுக்காரி என்பார்கள். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான்.

குளிர்காலம் தொடங்கியதும் எங்கிருந்தோ ஒரு ஜோடி ராஜாளிக் கழுகுகள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து தங்கும். பனி விட்டதும் கிளம்பிவிடும். எங்கேயும் எளிதில் பார்க்க முடியாத பறவை அது. அதைக் கண்ணால் ஒரு தடவை பார்க்கக் கடல் தாண்டியெல்லாம் ஆள் வருவார்கள். கழுகில் பெண்தான் பெரிசு, தெரியுமோ? அதனால் பெண் கழுகுக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆண் கழுகு சின்னவர். சின்னவர் பாதி நாள் வரவே மாட்டார், வந்தாலும் பெரியம்மா சாப்பிட்டு முடிக்கிறவரை ஓரமாக நிற்பார். "நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்பார் கழுகுக்காரியின் வீட்டுக்காரர். அவள் காதில் விழாத மாதிரி இருந்துகொள்வாள்.

சரிவின் நடுவில் ஒரு சின்ன அறை. பெட்டி என்றுதான் அதைச் சொல்வார்கள். ஏதோ தொழிற்சாலைக்கு இயந்திரம் வந்து இறங்கிய மரப்பெட்டிகளைப் பிரித்து அந்தப் பலகைகளை வைத்து அவரே அடித்தது. மேலே தகரம், தகரத்துக்கு மேலே புல்லும் மண்ணும். எட்டி நின்று பார்த்தால் சரிவில் ஒரு மேடு, அவ்வளவுதான். உள்ளே ஒரு நீள பெஞ்சு. முன்பக்கம் ஒரு கை அகலத்துக்குப் பார்வைத் திறப்பு. அதற்கு எதிரே ஒரு தட்டைப் பாறை. அந்தப் பாறையில் இறைச்சி வைத்துவிட்டு உள்ளே மூச்சுவிடாமல் உட்கார்ந்தால், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பட்ட மரத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவாள்.

ஆனால் ஒரு சிக்கல். ஆட்கள் பெட்டிக்குள் போவதைப் பெரியம்மா மரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் வரமாட்டாள். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. எல்லோரும் சேர்ந்து உள்ளே போக வேண்டும், கடைசியில் ஒருவர் மட்டும் வெளியே வந்து, கதவைத் தாழ்போட்டு, பெரியம்மா பார்க்கப் பார்க்கச் சரிவில் இறங்கிப் போய்விட வேண்டும். ஆட்கள் போய்விட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"கழுகுக்கு எண்ணத் தெரியாது" என்று கழுகுக்காரி விருந்தாளிகளிடம் ரகசியம் சொல்வது போலச் சொல்வாள். "அஞ்சு பேர் வந்து ஒருத்தர் போனா அதுக்குக் கணக்கு சரியாப் போச்சு."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்றாள் ஒரு தடவை வந்திருந்த அம்மாள் ஒருத்தி. "பேரப்பிள்ளைங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போவாரு. எத்தனை பேரைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தோம்னு கேட்டா முழிப்பாரு."

அப்படி இறங்கிப் போகிற வேலைதான் கழுகுக்காரியின் வீட்டுக்காரருக்கு. முதல் குளிர்காலத்திலிருந்து அவர்தான் போவார். அவர் பெயரே போறவர் என்று ஆகிவிட்டது. "போறவர் எங்கே?", "போறவர்கிட்ட டீ கேளுங்க." தம்பிக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்காது. "மாமாவைப் போறவர் போறவர்னு கூப்பிடுறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று சண்டைக்கு வருவான். அவர் சிரிப்பார். "எல்லாரும் ஒருநாள் போறவங்கதான்டா. நான் தினமும் போயிட்டுத் திரும்பி வரேன், அது பெரிய விஷயமில்லையா?"

அவர் போய் என்ன செய்வார்? பாதை ஒரு வளைவில் திரும்பி மலையின் தோளுக்குப் பின்னால் மறைந்துவிடும். அங்கே அவர்களுடைய சமையல் கொட்டகை. அங்கே உட்கார்ந்து சூப் கொதிக்க வைப்பார், ரொட்டி வாட்டுவார். பெட்டியின் கூரை மட்டும் அங்கிருந்து தெரியும். பறவை வந்து சாப்பிட்டுப் போனதும் கழுகுக்காரி கூரை ஓரத்து ஓட்டை வழியாக ஒரு குச்சியில் சிவப்புத் துணியை நீட்டுவாள். அதைப் பார்த்ததும் ஏறிவந்து கதவைத் திறந்துவிடுவார்.

ஆக, அத்தனை வருஷமாகக் கழுகு காட்டுகிற வீட்டில் இருந்துகொண்டு, அவர் பெரியம்மாவைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. தூரத்து மரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வானத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஏன் ஒருநாள் மாறி உட்காரவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பறவையைப் பற்றி விருந்தாளிகளுக்குச் சொல்லத் தெரிந்தது அவளுக்குத்தான். அவருக்கோ ஓயாத இருமல், அதைவிட ஓயாத வாய். ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்கச் சொன்னால் நெளிவார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார்கள். அடுத்த வருஷம் வரும். விருந்தாளிகளும் வருவார்கள். அப்புறம் அதற்கு அடுத்த வருஷம். வாழ்க்கை அப்படித்தானே கண்ணுகளா நழுவுகிறது, சோப்புக்கட்டி மாதிரி.

முதல் குளிர்காலத்தை நினைத்தால் கழுகுக்காரிக்கு இன்றைக்கும் முகம் மலரும். பெட்டி அடித்த நாளில் அவளை பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவள் புருவத்துக்கு நேராகப் பலகையில் பென்சிலால் கோடு போட்டார். "நீதானே உள்ள இருக்கப்போற. உன் கண்ணுக்குத்தான் திறப்பு." அன்று முதல் உயரமான விருந்தாளிகள் எல்லாம் கழுத்தை மடக்கிக்கொண்டுதான் கழுகு பார்த்தார்கள். அந்த வருஷம் ஒரு விருந்தாளியும் வரவில்லை. அவள் உள்ளே, அவர் கீழே, தினமும் ஒத்திகை. ஒருநாள் காலையில் பெரியம்மா வந்து பாறையில் இறங்கியே விட்டாள். துணியை நீட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கதவை உதைத்து, உள்ளேயிருந்து கத்தி அவரை வரவழைத்து, அழுது, சிரித்து, அந்தச் சிறகு இந்த நகம் என்று சாயங்காலம் வரை விடாமல் பேசினாள். அவர் அடுப்பில் வைத்ததெல்லாம் கருகியது.

அப்புறம் அது பழகிப்போயிற்று. நாள் முழுக்க விருந்தாளிகளிடம் காதோடு காதாகக் கிசுகிசுத்துத் தொண்டை வற்றிக் கீழே வருவாள். "வந்துச்சா?" என்பார் அவர். "வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் காலுறையைக் கழற்றுவாள். பத்துப் பேருக்கு விளக்கிச் சொன்னதைப் பதினோராவது ஆளுக்குச் சொல்ல வாய் வராது. அவரும் கேட்க மாட்டார்.

இப்படி இருக்கையில் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. இடது பக்கம் யார் நின்றாலும் தெரியவில்லை. சூப் கிண்ணத்தை மேஜைக்கு வெளியே வைத்தார். தம்பி வண்டியில் கூட்டிக்கொண்டு போய்க் கண் மருத்துவரிடம் காட்டினார்கள். கண்ணுக்குள் அழுத்தம் என்றார் மருத்துவர். பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கி மூடிக்கொண்டே வருகிறது, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல, இனி குழாயும் சின்னதாகும். "சொட்டு மருந்து விடாம போடுங்க. போனது போனதுதான், திரும்பாது. அடுத்த குளிருக்கு எவ்வளவு மிச்சமிருக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. பார்க்கணும்னு ஆசைப்படுறதை இப்பவே பாத்துக்கோங்க" என்றார்.

வண்டியில் திரும்பி வரும்போது அவர் வழக்கம்போல வளவளவென்று பேசிக்கொண்டே வந்தார். மருத்துவரின் நாற்காலி கிரீச்சிட்டதாம், அதற்கு எண்ணெய் விடத் தெரியாதவர் கண்ணுக்கு மருந்து விடுகிறாராம். கழுகுக்காரிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். பனி குறைய ஆரம்பித்திருந்தது.

"ஏங்க" என்றாள். "நாளன்னிக்கு விருந்தாளி யாரும் இல்ல. நீங்க உள்ள உட்காருங்க."

அவர் பேச்சு நின்றது. "இருமல் வந்தா?" என்றார்.

"வந்தா கொன்னுடுவேன்."

"சரி, அப்ப வராது."

தம்பி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "நான் போறவரா நடக்கிறேன் மாமா. ஒருநாளைக்கு எனக்கு அந்தப் பட்டத்தைக் குடுங்க."

அந்த நாள் வந்தது. இறைச்சி வைத்தாயிற்று. அவள், அவர், தம்பி மூன்று பேரும் உள்ளே போனார்கள். தம்பி தாழ்போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு இறங்கிப் போனான். அவர் திறப்புக்குக் கழுத்தை மடக்கி உட்கார்ந்தார். வாயில் இருமல் மிட்டாய், கையில் இன்னும் ஒரு பிடி. அசையவே இல்லை. இவ்வளவு அமைதியாக அவரால் இருக்க முடியும் என்று தெரிந்திருந்தால் கல்யாணமான புதிதிலேயே கேட்டிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

பெரியம்மா பட்ட மரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பித் திருப்பிப் பாதையைப் பார்த்தாள். வரவில்லை. வெயில் ஏறியது, வரவில்லை. காக்கைகள் வந்து இறைச்சியைக் கொத்திக்கொண்டு போயின. மத்தியானம் தாண்டியதும் பெரியம்மா எழும்பிப் பள்ளத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

"பசி இல்ல போல" என்றார் அவர்.

"தம்பி ஓடுற மாதிரி நடந்தான். பயந்திருக்கும்" என்றாள் அவள். "நாளைக்கு நானே போறேன். உங்க கோட்டைக் குடுங்க, குல்லாவையும் குடுங்க."

மறுநாள் அவள் அவருடைய பழுப்புக் கோட்டைப் போட்டு, குல்லாவை இழுத்துவிட்டு, இறைச்சி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, மெல்ல, தாத்தா நடை நடந்து இறங்கினாள். கோட் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கொட்டகைக்கு வந்து காத்திருந்தாள். சிவப்புத் துணி வரவில்லை. பொறுக்க முடியாமல் அவளே ஏறிப்போய்த் திறந்தபோது அவர் பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

"மரத்துல ஏதோ கறுப்பா இருக்கு. அது பெரியம்மாவா, கிளையா?"

"பெரியம்மாதான்."

"நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கடுத்த நாள் விருந்தாளிகள் வந்தார்கள். அவர் எப்போதும் போல இறங்கிப் போனார். பெரியம்மா எப்போதும் போல வந்தாள், சாப்பிட்டாள், போனாள்.

அன்றைக்குத்தான் கழுகுக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. கழுகுக்கு எண்ணத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னோமே, எண்ணத் தெரியாவிட்டால் என்ன, ஆளைத் தெரிகிறது. இத்தனை குளிர்காலமாக ஒரே ஆள் போவதைப் பார்த்துப் பார்த்து, அந்த ஆள் போனால்தான் போனதாக அர்த்தம் என்று அது வைத்துக்கொண்டுவிட்டது. அதைப் பழக்கியது நாம்தான். இனி அவர் பார்க்க வேண்டுமானால் அவர் போக வேண்டும். அவர் போனால் எப்படிப் பார்ப்பார்?

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, கதவைச் சாத்திட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? நடப்பேன்."

"எப்படி நடப்பீங்க?"

"இதென்னடி கேள்வி? ஒரு காலுக்கு அப்புறம் இன்னொரு கால்."

"வேற ஒண்ணும் பண்ண மாட்டீங்களா?"

அவர் யோசித்தார். "மூச்சு விடுவேன்" என்றார்.

அவருக்கே தெரியவில்லை, பாவம். நாம் நடப்பதை நாம் எங்கே பார்க்கிறோம்? சரி, பக்கத்தில் இருந்தவளுக்காவது தெரிய வேண்டாமா? அவளுக்கும் தெரியாது. அவர் கதவைச் சாத்திய கணத்திலிருந்து அவள் கண் பள்ளத்துப் பக்கம்தான். கல்யாணம் செய்து இத்தனை காலமாகியும், தன் புருஷன் பாதையில் இறங்கிப் போவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்த ஆளிடம் பீரங்கி மாதிரி ஒரு கேமரா. அந்த அம்மாளிடம் ஒரு பிளாஸ்க். எல்லோரும் உள்ளே உட்கார்ந்தாயிற்று. போறவர் தாழைப் போட்டார். கழுகுக்காரி முன்பக்கம் திரும்பவில்லை. கதவுப் பலகையில் மரக்கணு கழன்று விழுந்த ஒரு ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்தாள்.

அவர் தாழை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். இடது கையில் வாளி. நேராக நடக்கவில்லை, பாதையின் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போகப் போக வாளி முழங்காலில் தட்டித் தட்டி ஓசை கொடுத்தது. வளைவுக்குச் சற்று முன்னால் நின்றார். வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். ஒரு செருப்பைக் கழற்றி, கவிழ்த்து, உள்ளே இருந்த மண்ணைத் தட்டினார். மறுபடி போட்டுக்கொண்டார். இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாரே மனுஷன் என்று அவள் நினைக்கும்போதே எழுந்து பெட்டியைப் பார்த்துத் திரும்பி நின்றார். கையைத் தலைக்கு மேலே தூக்கினார். ரயில் நகரும்போது ஜன்னலில் தெரிகிற சொந்தக்காரருக்குக் காட்டுவார்களே, அந்த மாதிரி, நிதானமாக, இரண்டு பக்கமும் ஆட்டினார். அப்புறம் வாளியை எடுத்துக்கொண்டு வளைவில் மறைந்தார்.

அவர் மறைந்து அவள் ஒரு மூச்சு விடுவதற்குள், முன்பக்கத்தில் அந்த அம்மாள், "அய்யோ, கெளம்பிடுச்சு, வருது!" என்று கிசுகிசுத்தாள்.

கழுகுக்காரி திரும்பவில்லை.

"ஏங்க, நீங்க சொன்ன பறவை வந்துடுச்சுங்க" என்று அந்த அம்மாள் அவள் தோளைத் தட்டினாள். "இந்தப் பக்கம் பாருங்க, அங்க என்ன இருக்கு?"

அங்கே வெறும் பாதைதான் இருந்தது. கேமரா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கழுகுக்காரி ஓட்டையில் வைத்த கண்ணை எடுக்காமல், "நீங்க பாருங்கம்மா, நீங்க நல்லாப் பாருங்க" என்றாள். கழுகு காட்டுகிறவள் கழுகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்து அந்த அம்மாள் என்ன நினைத்தாளோ, பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டாள். "யாருக்குங்க கை காட்டுறீங்க?"

"எங்க?"

"வளைவுல. வாளியை வெச்சு உட்கார்ந்து, எழுந்திருச்சு."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். அவ்வளவு வயசான முகத்தில் வெட்கம் வந்தால் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "உனக்குத்தான். பின்ன கழுகுக்கா? வீட்டை விட்டுக் கிளம்பினா போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே கிளம்பணும். உள்ள பேசக்கூடாதுன்னு நீ சட்டம் போட்டிருக்க. அதான் கையால சொல்லிடுறது."

"நான் அந்தப் பக்கம் பாத்துட்டு உட்கார்ந்திருப்பேனே. எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியணும்னு யார் சொன்னா? சொல்ல வேண்டியது நான், சொல்லிட்டேன்."

அவள் அடுப்பைத் தூண்டிவிட்டு உட்கார்ந்தாள். "நாளைக்கு உங்களை உள்ள வெச்சுட்டு நான் போறேன்" என்றாள். "கடைசித் தடவை. பெரியம்மா கிளம்புற காலம் வந்துடுச்சு. நீங்க பண்றதெல்லாம் நான் பாத்து வெச்சிருக்கேன்."

"என்னை மாதிரி நடக்கப் போறியா? வாளி பத்திரம்."

விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்பினார்கள். பெரியம்மா கண்ணில் படத்தானே நடக்கிறோம், இருட்டில் நடந்து என்ன பிரயோஜனம்? சின்னவர் எங்கோ போயிருந்தார். பெரியம்மா மட்டும் மரத்தில். பாறையில் இறைச்சியை வைத்தார்கள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவர் தலைக்குக் கீழே உட்கார ஒரு பழைய போர்வையை மடித்து வைத்தாள்... இல்லை இல்லை, தலைக்கு எதற்கு, இடுப்புக்குக் கீழே. பாருங்கள், எனக்கும் அந்த இடத்துக்கு வந்தால் படபடப்பு வந்துவிடுகிறது. துணிக் குச்சியை அவர் கையில் கொடுத்தாள். மிட்டாயைக் கொடுத்தாள். கோட்டைக் கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்து தாழைப் போட்டு இரண்டு தடவை தட்டினாள். தொண்டையைச் செருமினாள். இடது கையில் வாளி. வலது ஓரத்தைப் பிடித்து நடந்தாள். வாளி முழங்காலில் தட்டியது, வலித்தது. தினமும் இவருக்கு வலித்திருக்குமே, ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று நினைத்தாள். வளைவுக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே நிஜமாகவே மண் இருந்தது. அந்த இடத்துக்கு வருவதற்குள் பாதை மண் உள்ளே ஏறிவிடுகிறது. இது ஏதோ அவருடைய கிறுக்கு என்று நினைத்திருந்தாள்.

எழுந்தாள். பெட்டியைப் பார்த்துத் திரும்பினாள். புல் மூடிய ஒரு மேடு. ஜன்னல் இல்லை, முகம் இல்லை, பதிலுக்குக் காட்ட ஒரு கை இல்லை. இந்த மேட்டைப் பார்த்துத்தானா மனுஷன் இத்தனை காலம் கையாட்டினார்! அவள் கையைத் தூக்கினாள். நடிப்புக்காகத்தான் தூக்கினாள். தூக்கிய பிறகு அது நடிப்பாக இல்லை. உள்ளே அவர் கழுத்தை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இந்தப் பக்கம் பார்க்க மாட்டார், பார்க்கவும் கூடாது. போயிட்டு வரேங்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நிதானமாக ஆட்டினாள்.

திரும்பி நடந்தாள். பின்னால் பார்க்கவில்லை. வளைவில் திரும்பும்போது அவளுக்கு முன்னால், புல்லின் மேல், ஒரு நிழல் வழுக்கிக்கொண்டு போனது. அகலமான நிழல், ஓரத்தில் விரல் விரலாக. அது அவள் காலைத் தாண்டி மேல்நோக்கிப் போயிற்று. அண்ணாந்து பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. கொட்டகை வரைக்கும் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அப்புறம் காத்திருப்பு. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இறங்கியிருக்குமா? பாதியில் சந்தேகம் வந்து திரும்பியிருக்குமா? இருமியிருப்பாரோ? வெங்காயத்தை நறுக்கினாள். நறுக்கியதையே மறுபடி நறுக்கினாள். சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கே நின்றுகொண்டு அவர் பாட்டுக்குப் பாட்டுப் பாடுவாரே, எப்படி முடிந்தது அவரால்? தம்பி வண்டியிலிருந்து இறங்கி வந்து, "என்னக்கா ஆச்சு?" என்றான். "வாயை மூடு" என்றாள். அவன் அவள் கையிலிருந்த கத்தியை மட்டும் வாங்கி வைத்தான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கூரை ஓரத்தில் துணி நீண்டது. குச்சி கோணலாக வந்தது, துணி பாதிதான் வெளியே தெரிந்தது. போதாதா? அவள் ஓடினாள். அந்த வயசில் அந்தச் சரிவில் ஓடினாள்.

தாழைத் திறந்தாள். அவர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்தை இன்னும் மடக்கியபடிதான் இருந்தார், நிமிர்த்த மறந்துவிட்டது போல. பாறையில் எலும்பு மட்டும் கிடந்தது. பேச்சே இல்லாத அவரைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏங்க?"

"கொஞ்சம் இரு" என்றார். "இரு, வரேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஆரம்பித்தார், மெல்ல, அவருக்கே புதிதான ஒரு குரலில்.

"முழுசா ஒரே பார்வையில தெரியலம்மா. எனக்கு இப்ப இவ்வளவுதானே தெரியும்" என்று விரலை வளைத்து ஒரு வட்டம் காட்டினார். "துண்டு துண்டாத்தான் பார்த்தேன். முதல்ல கால் வந்துச்சு. காலுக்கு முழுக்க இறகு, கால்சட்டை போட்ட மாதிரி. கீழ மஞ்சள் விரல். அப்புறம் தலையை நகர்த்தித் தேடினேன். நெஞ்சு வந்துச்சு. அங்க ஒரு இறகு காத்துல தனியா ஆடிட்டு இருந்துச்சு, ஒட்டாம. ரொம்ப நேரம் அதையே பார்த்தேன். அப்புறம் அலகு. அலகு ஓரத்துல மஞ்சளா ஒரு வளையம், வாய்வரைக்கும். மூக்கு ஓட்டை கூடத் தெரிஞ்சுது. பின்னந்தலையில இறகெல்லாம் பழுத்த இலை நிறம், சூரியன் பட்டதும் ஒவ்வொண்ணா தனித்தனியா எரியுது. கண்ணைத்தான் கண்டுபிடிக்க முடியல. தேடித் தேடிப் போனா, அது என்னையே பார்த்துட்டு இருக்கு."

"பார்த்துச்சா?"

"பார்த்துச்சு. எனக்கு இருமல் வந்துச்சு, விழுங்கிட்டேன். அப்புறம் அது சாப்பிட ஆரம்பிச்சுது. இழுத்துப் பிய்க்கும்போதெல்லாம் கண்ணுக்கு மேல வெள்ளையா ஒரு திரை வந்து மூடிக்குது. ஜன்னல் சீலையை இழுத்து விடுற மாதிரி. பிய்ச்சதும் திறந்துக்குது. கண்ணுக்குள்ள இன்னொரு இமை! இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

அந்த இரண்டாவது இமையைப் பற்றி எத்தனை நூறு விருந்தாளிகளுக்கு விளக்கியிருப்பாள்! எந்தப் பக்கத்திலிருந்து வரும், எதற்காக வரும் எல்லாம் மனப்பாடம். அவர் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் நனைந்து, பளபளவென்று, கல்யாணத்தன்று இருந்ததைவிட இளசாக இருந்தது.

"இல்லையேங்க" என்றாள், போர்வையை இழுத்து இரண்டு பேர் முழங்காலையும் மூடிக்கொண்டு. "சொல்லுங்க. சீலை மாதிரின்னா, மேலிருந்து வருதா, பக்கத்துலருந்து வருதா?"

"பக்கத்துலருந்து" என்றார் அவர். "இரு, சரியாச் சொல்றேன்."

கீழே சூப் ஆறிப்போயிற்று. தம்பி அதைத் தனியாகவே குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், வெயில் திறப்பு வழியாக வந்து பெஞ்சில் நகர்ந்துகொண்டே இருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும், மெதுவாக எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் சாயங்காலம் உங்கள் வாசலுக்குத் திரும்பி வரட்டும். வந்தவர்கள் சொல்வதை ஆசையாகக் கேட்க உள்ளே எப்போதும் ஒருவர் இருக்கட்டும். எல்லோரும் கண்ணும் காதும் நன்றாக, நூறு வயசு, இன்னும் அதற்கு மேலேயும் இருங்கள்.